நில்லு என்றால் ஓடு

மகனுக்கு நெற்றியில் தையல் போடத்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். போன இடத்தில் முதலில் கட்டிலில் கிடந்தது நான். டாக்டர் ஊசியில் நூல் கோத்தது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. கண்ணைத் திறந்தபோது என் கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் என் மனைவி ரெஜினா. அவள் மடியில், நெற்றியில் வெள்ளைக் கட்டோடு எங்கள் ஒரே மகன் சேவியர். நாலு வயது. தையலுக்கு முன் ஊசி போட வந்த நர்ஸம்மாவைக் கடித்து முடித்துவிட்டு, சொட்டுச் சொட்டாக இறங்கும் குளுக்கோஸை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பிள்ளைக்குத் தையல் போட்டா நீங்க ஏன் விழுந்திய?" என்றாள் ரெஜினா.

"துணைக்கு" என்றேன்.

அந்த மிஷன் ஆஸ்பத்திரிக்கும் எங்களுக்கும் அப்படித் தொடங்கிய உறவு, பின்கட்டடத்தில் குடும்பத்தோடு தங்குகிற அளவுக்கு வளர்ந்தது. திரும்பி வந்தபின் தூத்துக்குடியில் கண்டவரெல்லாம் என்ன வியாதி, யாருக்கு வியாதி என்று கேட்கிறார்கள். நான் கப்பல் ஏஜெண்டு ஆபீசில் குமாஸ்தா. ஆனால் டீக்கடையில் எனக்குள்ள பேர் வேறு. என்னைக் கண்டாலே சிரிக்கத் தயாராகிவிடுவார்கள். அதனால் ஆளுக்கொரு பதில் சொல்லிச் சிரிக்கவைத்து, கடைசியில் எனக்கே எது நிஜம் என்று குழம்பிவிட்டது. நிஜத்தை எழுதிவிடுகிறேன். எங்களைப்போல வீட்டுக்குள் சூறாவளியை வைத்துக்கொண்டு வெளியில் சிரித்துத் திரிகிற தகப்பன்மார் யாராவது இருந்தால் படிக்கட்டும்.

சேவியர் ஓடுவான். இதுதான் வியாதி. எல்லாப் பிள்ளைகளும் ஓடும் என்று சொல்லாதீர்கள். கதவு ஒரு சாண் திறந்தால் போதும், வில்லிலிருந்து விட்டமாதிரிப் போவான். எங்கள் சந்து நேராகக் கடற்கரைச் சாலையில் போய் முட்டும். அந்தச் சாலையில் உப்பு லாரி, மீன் லாரி, துறைமுகத்துக்குப் போகிற லாரி. ஒரு தடவை ஓர் உப்பு லாரி அவனுக்கு ஒரு கை தூரத்தில் பிரேக் போட்டு நின்றது. டிரைவர் இறங்கி வந்து சாலையோரம் உட்கார்ந்து அழுதார். சேவியரோ சாலை நடுவில் நின்று என்னைப் பார்த்துக் கெக்கெக்கென்று சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்து அக்கம்பக்கத்தில் சிலர் பேய்ச்சிரிப்பு என்று சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

அதன்பிறகு ரெஜினா குசினியில் சமையல் வேலையாக இருக்கும்போது ஒரு பழைய சேலையின் ஒரு முனையை அவன் இடுப்பிலும் மறுமுனையை ஜன்னல் கம்பியிலும் கட்டிவைத்தாள். கட்டிவைத்தால் சுவரில் தலையை மோதுவான். அந்த மோதலில் கிடைத்ததுதான் தையல். கட்டினால் மண்டை உடைகிறது, அவிழ்த்தால் லாரி. இரண்டுக்கும் நடுவில் பிள்ளை உயிரோடு இருக்க ஒரு வழி உண்டா என்பதுதான் எங்கள் கேள்வி. வேறு எந்தக் கேள்வியோடும் நாங்கள் அங்கே போகவில்லை.

தையல் போட்ட டாக்டர் நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு, பின்கட்டடத்தில் ஒரு டாக்டரம்மா இருக்கிறார், பிள்ளைகளின் நடத்தையைப் பார்க்கிறவர், அவரிடம் காட்டுங்கள் என்றார். ஊரில் அந்தக் கட்டடத்துக்குப் பேர் கோட்டி ஆஸ்பத்திரி. எங்கள் பக்கத்தில் கோட்டி என்றால் பைத்தியம். 'கோட்டிப்பயலே' என்று நாங்கள் ஒருவரையொருவர் கொஞ்சாத நாள் கிடையாது. தாலிகட்டின அன்றைக்கு என் மச்சான் என்னை அப்படித்தான் வாழ்த்தினார். ஆனால் அந்தச் சொல்லைச் சுவரில் பலகையாக அடித்து, அதன் கீழே பெஞ்சு போட்டு நம்மை உட்காரவைத்தால் அது கொஞ்சலாக இருக்காது. பலகையில் அப்படி எழுதியிருக்கவில்லை என்பது வேறு விஷயம். பயத்தில் எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

பெஞ்சில் எங்களுக்கு முன்பே சாத்தான்குளத்து வாத்தியார் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மடிப்புக் கலையாத சட்டை, பக்கத்தில் ஐந்து வயது மகள். அந்தப் பெண் கையில் கிடைத்ததை வீசுவாளாம். தட்டு, தம்ளர், பாட்டுப் புத்தகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் காணிக்கைத் தட்டையே வீசிவிட்டாளாம். அவர் சொன்ன தோரணையைப் பார்த்தால் எங்களை ஜெயித்துவிட்டதாக நினைப்புப் போலிருந்தது. நான் விடவில்லை, லாரியைச் சொன்னேன். வாத்தியார் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப நீங்க முன்னால போங்க" என்று இடம் விட்டார். 

டாக்டரம்மா மெட்ராஸ்காரர். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். சின்ன உருவம், மெதுவான பேச்சு. முதலில் காது சோதனை. கூப்பிட்டால் நிற்காத பிள்ளைக்குக் காது கேட்காமல் இருக்கலாம் அல்லவா? மறைவாக மணி அடித்தார்கள், கரண்டி தட்டினார்கள். எல்லாவற்றுக்கும் திரும்பினான். நான் சட்டைப்பையில் ஒளித்துவைத்திருந்த மக்ரூன் பொட்டலத்தின் காகிதச் சத்தத்துக்கு இரண்டு அறை தள்ளியிருந்து ஓடிவந்தான். காது தங்கமான காது.

அடுத்தது மதுரைக்குப் போய் எடுக்கவேண்டிய சோதனை. மூளைக்குள் மெல்லிசாக ஒரு மின்சாரம் ஓடிக்கொண்டிருக்குமாம். தலையில் பசை தடவிக் கம்பிகளை ஒட்டினால் அந்த ஓட்டம் காகிதத்தில் கோடுகோடாக விழும். வலிப்பு மாதிரிக் கோளாறு இருந்தால் கோடு காட்டிக்கொடுக்கும். மருந்து கொடுத்துத் தூங்கவைத்துத்தான் எடுத்தார்கள். அந்தக் காகிதத்தை நான் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, "முடிஞ்சுது" என்று ரெஜினாவிடம் சொன்னேன். அவள் பிடுங்கி நேராகப் பிடித்தாள். அப்போதும் எங்கள் இருவருக்கும் ஒன்றும் புரியவில்லை.

டாக்டரம்மா புரிந்துகொண்டார். ஒரு கோளாறும் இல்லை என்றார். சந்தோஷப்பட வேண்டியவன் நான் சோர்ந்துபோனேன். வியாதிக்கு ஒரு பேர் இருந்தால் மருந்துக்கும் ஒரு பேர் இருக்குமே.

"மருந்து இருக்கு சார்" என்றார். "ஆனா பையனுக்கு இல்ல. உங்க ரெண்டு பேருக்கும்."

நான் என்னையறியாமல் என் நாடியைப் பிடித்துப் பார்த்தேன்.

அவர் சொன்னது இதுதான். பிள்ளையை அறையில் வைத்து டாக்டர் சரிசெய்து அனுப்பினால், வீட்டுக்குப் போனதும் பழைய வீடு, பழைய அப்பா, பழைய அம்மா. எல்லாம் திரும்ப வந்துவிடும். அதனால் பெற்றவர்களுக்குத்தான் பயிற்சி. பிள்ளையோடு அப்பா விளையாட வேண்டும். டாக்டர் மறைவிலிருந்து பார்த்துக்கொண்டே, அந்தந்த நேரத்தில் என்ன சொல்ல வேண்டும், என்ன சொல்லக்கூடாது என்று காதில் சொல்லித்தருவார். குடும்பத்தோடு தங்கிச் செய்ய வேண்டும்.

தங்கினோம். பின்கட்டடத்தில் வரிசையாக அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம், பொதுவாக ஒரு தாழ்வாரம். இரவில் கொசு எங்களைப் பார்த்துக்கொண்டது. பில்லைப்பற்றி எழுதினால் மறுபடி குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருக்கும், விட்டுவிடுகிறேன். 

விளையாட்டு அறை என்பது ஒரு பாய், மரக்கட்டைகள், சில பொம்மைகள், ஒரு நாற்காலி. பக்கத்து அறைக்கு நடுவே ஒரு ஜன்னல், அதில் கறுப்பு வலைத்துணி. அந்தப் பக்கம் விளக்கை அணைத்துவிட்டால் அங்கிருந்து எங்களைப் பார்க்கலாம், எங்களுக்கு அவரைத் தெரியாது. முகம் தெரியாத சாமியாரிடம் பாவத்தைச் சொல்லுகிற பாவசங்கீர்த்தனக் கூண்டில் பழகியவனுக்கு இது புதிதில்லை. புதிதாக இருந்தது காதுக் கருவிதான். டிரான்சிஸ்டருக்கு வருமே காதில் செருகுகிற குமிழ், அதில் ஒன்றை நீளமான வயரில் கோத்துக் கதவுக்கு அடியில் விட்டிருந்தார்கள். டாக்டரம்மா அந்தப் பக்கம் மைக்கில் பேசினால் என் காதுக்குள் கேட்கும். காதில் குமிழோடு வாசலுக்கு வந்த என்னைப் பார்த்த சாத்தான்குளத்து வாத்தியார் ஓடிவந்து ரகசியமாகக் கேட்டார், "என்ன ஸ்கோர்?" மகளை மறந்து அந்த மனிதர் முகத்தில் அவ்வளவு ஆசை. நாலு விக்கெட் என்று சொல்லிவிட்டேன். யாருடைய நாலு விக்கெட் என்று அவர் கேட்பதற்குள் கதவைச் சாத்திக்கொண்டேன்.

விதிகளைக் கேளுங்கள். அந்தக் கொஞ்ச நேர விளையாட்டில் பிள்ளைதான் கேப்டன். அப்பா கட்டளை போடக்கூடாது. கேள்வி கேட்கக்கூடாது. குறை சொல்லக்கூடாது. கிண்டல் அறவே கூடாது. அவன் செய்வதைச் சத்தமாகச் சொல்லலாம், அவன் செய்வதைத் தானும் செய்யலாம், நல்லதைச் செய்தால் பாராட்டலாம். அவ்வளவுதான்.

எளிதாகத் தெரிகிறதா? சேவியர் ஒரு கட்டையை எடுத்து வைத்தான்.

"இது என்னலே, கோயிலா?" என்றேன்.

"கேள்வி" என்றது காது.

"மேல இன்னொண்ணு வையி."

"கட்டளை."

"ஆமா, கட்டினவன் பெரிய இன்ஜினியரு."

"கிண்டல் சார்."

வாயை மூடிக்கொண்டேன். கேள்வியும் கட்டளையும் கிண்டலும் போனால் என்னிடம் மிச்சம் ஒன்றுமே இல்லை என்பது நாற்பத்தைந்து வயதில்தான் எனக்குத் தெரியவந்தது. ரெஜினா இதில் என்னைவிட வெகு சீக்கிரம் தேறினாள். அவன் சிவப்புக் கட்டையை எடுத்தால், "செவப்பை எடுத்திட்ட" என்பாள். அவனும் தலையாட்டிவிட்டு அடுத்ததை எடுப்பான். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் நானும் பழகினேன். பழகப் பழக ஒரு வேடிக்கை: அவன் செய்வதைச் சொல்ல வேண்டுமென்றால் அவன் செய்வதைப் பார்த்தாக வேண்டும். கட்டைகளை அவன் நிறம் பார்த்து அடுக்கவில்லை. தட்டிப் பார்த்து, சத்தம் கனமாக இருப்பதைக் கீழேயும் லேசாக இருப்பதை மேலேயும் வைத்தான். இத்தனை நாள் என் வீட்டில் இப்படி ஓர் ஆள் இருந்தது எனக்குத் தெரியாது. 

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, அவன் ஒரு கோபுரத்தைக் கட்டி முடித்தான். "பாராட்டுங்க சார், நல்ல பிள்ளைன்னு சொல்லுங்க" என்றது காது. நானும் மனசாரச் சொன்னேன்.

"நல்ல பிள்ளை."

கோபுரம் பறந்தது. அவன் மூலைக்கு ஓடிச் சுவரைப் பார்த்து நின்று, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அலறினான். நானும் கிட்டத்தட்ட அலறினேன். டாக்டரம்மா இருட்டறையிலிருந்து வெளியே வந்தார். அவர் முகத்தில் பயம் இல்லை, பட்டாணிக் கடலைப் பொட்டலத்தைப் பிரிக்கிறவர் முகம்போல ஓர் ஆர்வம். வாயை ஏன் பொத்தினான்? இதுதான் அவர் கேள்வி. பாராட்டினால் சில பிள்ளைகள் கூசும், ஆனால் வாயைப் பொத்துவதில்லையாம்.

ரெஜினா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். பிறகு சொன்னாள். 'நல்ல பிள்ளைலா, வாயைத் தொற' என்றால் எங்கள் வீட்டில் விளக்கெண்ணெய். 'நல்ல பிள்ளையா உக்காரு' என்றால் முடிவெட்டுகிறவர் வந்திருக்கிறார். 'நல்ல பிள்ளையா இரி, அப்பா இந்தா வாரேன்' என்றால் அப்பா அன்றைக்கு வரமாட்டார். அவன் கடித்த நர்ஸம்மா, ஊசியைப் பின்னால் ஒளித்துக்கொண்டு சொன்னதும் அதேதான். எந்தக் கெடுதலும் வராமல் அந்தச் சொல்லை அவன் கேட்டதே கிடையாது.

டாக்டரம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஒரு சொல்லுக்குப் பின்னாடி என்ன வருதோ, குழந்தைக்கு அதுதான் சார் அர்த்தம். நம்ம அகராதி அவனுக்குத் தெரியாது" என்றார். அதன்பின் சந்தேகம் வந்தவர்போல என்னைக் கேட்டார். அவன் வாசலைத் தாண்டி ஓடும்போது நான் என்ன சொல்வேன்?

"நில்லுன்னுதான் சொல்லுவேன். வேற என்ன சொல்ல?"

"எப்படிச் சொல்வீங்களோ, அப்படியே இப்ப சொல்லுங்க."

சேவியர் அழுகை ஓய்ந்து பாயில் உட்கார்ந்திருந்தான். நான் குரலை உயர்த்தி, "ஏலே, நில்லுலே" என்றேன்.

உட்கார்ந்திருந்தவன் எழுந்து ஓடினான். கண்ணீர் காயாத முகம் முழுக்கச் சிரிப்பு. மேஜையைச் சுற்றி ஓடினான், கதவுவரை ஓடினான், திரும்பித் திரும்பி நான் வருகிறேனா என்று பார்த்தான். நான் வரவில்லை என்றதும் நின்று, எனக்காகக் காத்திருந்து, மறுபடி ஓடினான்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவன் தவழ்ந்த நாளிலிருந்து சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்ததும் எங்களுக்குள் ஒரு விளையாட்டு. 'நில்லுலே, பிடிச்சேன்னா தின்னுருவேன்' என்று நான் துரத்துவேன். அவன் ஓடுவான். கடைசியில் பிடித்துத் தூக்கி வயிற்றில் மீசையால் உரசுவேன். ஒரு நாளின் ஆகச்சிறந்த நேரம் அவனுக்கும் அதுதான், எனக்கும் அதுதான். நில்லு என்றால் ஓடு. நான் பின்னாலேயே வருவேன் என்று அர்த்தம். லாரிக்கு முன்னால் நின்று அவன் சிரித்தது பேயும் இல்லை, பிசாசும் இல்லை. அப்பா இப்போது பிடித்துத் தூக்குவார் என்று காத்துக்கொண்டு நின்றிருக்கிறான். நான் எவ்வளவு பயந்து கத்தினேனோ அவ்வளவுக்கு அது நல்ல ஆட்டம்.

வழக்கம்போல ஏதாவது சொல்லிச் சமாளிக்கப் பார்த்தேன், வரவில்லை. "இதுல தப்புன்னு ஒண்ணும் இல்ல சார்" என்றார் டாக்டரம்மா. "நல்லா சொல்லிக்கொடுத்திருக்கீங்க. அவனும் நல்லா கத்துக்கிட்டிருக்கான். அதையே வச்சு வேற ஒண்ணு கத்துக்கொடுப்போம்." என் மகனுக்கு ஒன்று கற்றுக்கொடுக்க முடியும் என்று ஒருவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

புதுச் சொல் வேண்டும். வீட்டில் இதுவரை யாரும் சொல்லாத சொல். நான் 'ஆமென்' என்றேன். ரெஜினா ஒத்துக்கொள்ளவில்லை. ஆமென் என்றால் பூசை முடிந்தது, வாசலுக்கு ஓடலாம் என்று அவனுக்கு ஏற்கனவே தெரியும். அந்த நேரம் பார்த்து ரெஜினாவின் அண்ணன் லூக்காஸ் பொரித்த மீனோடு வந்து சேர்ந்தார். வேம்பார் பக்கம் சங்கு குளிக்கிறவர். ஆள் கதவை அடைத்த மாதிரி இருப்பார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, கடலில் ஆட்கள் உடனே நிற்பதற்குத் தான் பயன்படுத்துகிற சொல் ஒன்றைச் சொன்னார். டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை என்பது எங்கள் அதிர்ஷ்டம். ரெஜினா அண்ணனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நங்கூரம்னு சொன்னா என்ன?" என்றாள். 

பொருத்தமாக இருந்தது. சொல்லவும் கனமாக இருந்தது. முதலில் அதையும் விளையாட்டாகத்தான் தொடங்கினோம். தாழ்வாரத்தில் எல்லோரும் நடப்போம். யாராவது நங்கூரம் என்றால் எல்லோரும் அப்படியே நிற்க வேண்டும். சொல்கிற அதிகாரம் முதலில் சேவியருக்குத்தான். அவன் அதை விட்டுவைக்கவில்லை. வாய்க்கும் காப்பித் தம்ளருக்கும் நடுவில் என்னை நிறுத்தினான். ஒருகால் செருப்போடு நிறுத்தினான். வாத்தியாரையும் அவர் மகளையும் சேர்த்து நிறுத்தினான். அந்தப் பெண் வீசுவதற்காக ஓங்கிய தட்டோடு அப்படியே நின்றாள். வாத்தியார் என்னைப் பார்த்துக் கண்ணாலேயே நன்றி சொன்னார். ஸ்கோர் விஷயத்தை மன்னித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். 

அதன்பிறகுதான் கட்டளைப் பாடம். கட்டளை என்றால் ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று. தூரத்திலிருந்து கத்தக்கூடாது, கிட்டப்போய் அவன் கண்ணைப் பார்த்து, சாதாரணக் குரலில். சொல்லிவிட்டு வாயை மூடிக் காத்திருக்க வேண்டும். செய்தால் என்ன செய்தான் என்பதைச் சொல்லிப் பாராட்டு. கடித்தாலோ அடித்தாலோ, திட்டாமல் கொள்ளாமல் நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்காரவைக்க வேண்டும். நாற்காலியைச் சுவருக்கு எட்டாத நடு அறையில் போட்டு, சுற்றிலும் மெத்தை விரித்திருந்தார்கள். முதல் நாள் நாற்காலியில் அவன் போட்ட சத்தத்துக்கு வாத்தியார் குடும்பம் ஜெபம் பண்ண ஆரம்பித்துவிட்டது. நாங்கள் அவன் பக்கம் பார்க்காமல், பேசாமல் நிற்க வேண்டும். ரெஜினா சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதாள். எனக்கு நெஞ்சு வலிப்பதுபோலிருந்தது, இடது கை மரத்ததுபோலிருந்தது, கண் இருட்டிக்கொண்டு வந்தது.

"சார்" என்றது காது, "மூச்சு விடுங்க."

விட்டேன். எல்லா வியாதியும் சரியாகிவிட்டது. சுவர் எட்டவில்லை, மெத்தை வலிக்கவில்லை, யாரும் பார்க்கவும் இல்லை என்றதும் தலையை மோதுவதில் அவனுக்கே சலிப்பு வந்திருக்க வேண்டும். விக்கி விக்கி அழுது ஓய்ந்தான். இறங்கி வந்து கட்டைகளை எடுத்தான். "கட்டையை எடுத்திட்ட" என்றேன்.

நாட்கள் போகப்போகத் தாழ்வாரத்தில் நான் நங்கூரம் என்றாலும் நின்றான், ரெஜினா சொன்னாலும் நின்றான். எனக்குத் தலைகால் புரியவில்லை. டாக்டரம்மாதான் அடக்கினார். தாழ்வாரத்தில் லாரி வருவதில்லை என்றார். சாலையில் நின்றால்தான் நின்றதாகக் கணக்கு.

ஆஸ்பத்திரிப் பின்வாசல் ஒரு சின்னச் சாலையில் திறக்கும். அங்கேதான் வைத்துப் பார்ப்பது என்று ஏற்பாடு. ஏதாவது பிசகினால் பிடிப்பதற்கு என் மச்சான் லூக்காஸ் சாலை ஓரத்துப் பூவரச மரத்தின் பின்னால் ஒளிந்து நிற்பார். பையனுக்கு அது தெரியக்கூடாது. நான் ஒரே ஒரு தடவை கூப்பிட வேண்டும், சாதாரணக் குரலில். முக்கியமாக, நான் ஓடக்கூடாது. நான் ஒரு அடி ஓடினாலும் பழைய ஆட்டம் ஆரம்பித்துவிடும்.

கதவைத் திறந்தார்கள். போனான். அந்த முதுகை எனக்குத் தெரியும், அந்த ஓட்டத்தை எனக்குத் தெரியும். என் கால் இரண்டும் தாமாகவே புறப்பட்டன. ரெஜினா என் சட்டையைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

"நங்கூரம்" என்றேன். காற்றுதான் வந்தது என்று நினைத்தேன், சத்தமும் வந்திருக்கிறது.

இரண்டு எட்டு போய் நின்றான். தார் தொடங்குகிற இடத்துக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம். நான் நடந்தேன். நடப்பது அவ்வளவு கஷ்டமான காரியம் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. பக்கத்தில் போனதும் அவன் என்னைப் பார்க்கவில்லை, மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா ஏன் மரத்துக்குப் பின்னால நிக்காவ?" என்றான்.

அவ்வளவு பெரிய மனிதரை மறைக்கிற அளவுக்கு அந்தப் பூவரசு வளரவில்லை. இரண்டு பக்கமும் வெளியே தெரிந்தார். "நான் எங்கடே ஒளிய?" என்று மச்சான் மரத்திடமே கோபித்துக்கொண்டார்.

எனக்கு உயிரே போய்விட்டது. இவன் சொல்லுக்கு நின்றானா, மாமாவைப் பார்த்த வியப்பில் நின்றானா? டாக்டரம்மாவிடம் ஓடினேன். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டு யோசித்தார். "எனக்கும் தெரியல சார்" என்றார். வாழ்க்கையில் ஒரு டாக்டர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. கேட்டு நான் பயந்திருக்க வேண்டியது. எனக்கு ஏனோ தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசைதான் வந்தது. "நாளைக்கு மாமா இல்லாம பாத்திருவோம்" என்றார். வண்டி வராத நேரமாகப் பார்த்து, நான் எட்டிப் பிடிக்கிற தூரத்தில் நின்றுகொண்டு.

மறுநாள் காலை மச்சானை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினோம். வெளியே வெயில் சுள்ளென்று இருந்தது. சாலை இரண்டு பக்கமும் காலி. ரெஜினா பின்வாசலைத் திறந்தாள். சேவியர் புறப்பட்டான்.

"நங்கூரம்."

நின்றான். நின்ற இடத்திலிருந்தே பூவரச மரத்தைப் பார்த்தான். தந்திக் கம்பத்தின் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று தலையைச் சாய்த்துப் பார்த்தான். எதிர்க் கடை பெஞ்சுக்கு அடியில் பார்ப்பதற்காக நின்றவாக்கிலேயே குனிந்தான். மாமா எங்கேயும் இல்லை. இல்லை என்று தெரிந்துகொண்ட பிறகும் அவன் கால் நகரவில்லை. தார்ச்சாலைக்கு இந்தப் பக்கம், வெயிலில், கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான்.

நான் நடந்து போனேன். காதில் குமிழ் இல்லை, சொல்லித்தர யாரும் இல்லை. அவன் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

"நின்னுட்ட" என்றேன்.

"ம்" என்றான். "நீங்க ஏம்பா இம்புட்டு மெதுவா வாரிய?"